விகடகவியும் ராயக்கோட்டைத் தக்காளியும்

ராயக்கோட்டை என்றதும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று மலைமேல் இருக்கும் கோட்டை. இன்னொன்று தக்காளி. கோட்டையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், இந்தக் கட்டுரைக்குத் தக்காளி போதும்.

"தக்காளி" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, க், கா, ளி. நான்கு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும். இதே கேள்வியைக் கணினியிடம் கேட்டுப் பாருங்கள். பைத்தான் 2 என்ற பழைய பதிப்பில் அப்படியே கொடுத்தால் 21 என்று சொல்லும். "இது யூனிகோடு அப்பா" என்று முன்னால் ஒரு குறி போட்டுக் கேட்டால் 7 என்று சொல்லும். இப்போதைய பைத்தான் 3ம் 7 என்றுதான் சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் 7தான். நான்கு என்று தானாகச் சொல்லாது.

21 என்பது பைட் கணக்கு. 7 என்பது யூனிகோடு அட்டவணையில் இருக்கும் குறியெண்களின் கணக்கு: த, க, புள்ளி, க, துணைக்கால், ள, இகரக் கொக்கி. 4 என்பது தமிழ் வாத்தியார் கணக்கு. மூன்றுமே அதனதன் இடத்தில் சரிதான். ஆனால் தமிழ் படிக்கிறவருக்கு மூன்றாவது கணக்குதான் வேண்டும், அதைத்தான் எந்த மொழியும் கையில் கொடுக்காமல் இருந்தது. அதைக் கொடுக்க வேலை பார்த்த சிலரின் கதைதான் இது.

எண்ணிக்கை தப்பினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றலாம். ஒரு உதாரணம். கைபேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து அடங்கும். தமிழ் என்றால் 70 குறியெண்தான். "தக்காளி" என்று ஒருமுறை எழுதினாலே 70ல் 7 காலி. சந்தை விலையைத் தமிழில் அனுப்ப நினைக்கிறவர் நான்கு எழுத்துக்கு ஏழு எழுத்துக் கூலி கொடுக்கிறார்.

இன்னொரு உதாரணம் கல்லூரி மாணவர்களுக்கு. நிரலாக்க வகுப்பில் தவறாமல் வரும் பயிற்சி, கொடுத்த சொல்லை முன்னும் பின்னும் படித்தால் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது. மலையாளம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிச் சோதிப்பார்கள். அழகாக வேலை செய்யும். தமிழில் இதற்கு மாலைமாற்று என்றே பெயர் உண்டு. திருஞானசம்பந்தர் இந்த வகையில் ஒரு முழுப் பதிகமே பாடியிருக்கிறார், அதற்கு 1300 வருடங்களுக்கு மேல் ஆகிறது. சரி, அவ்வளவு தூரம் போகவேண்டாம், "விகடகவி" என்ற சொல்லைக் கொடுப்போம். வி, க, ட, க, வி. திருப்பினாலும் அதுவே. ஆனால் அதே நிரல் "இல்லை" என்று சொல்லும்! ஏனென்றால் அது திருப்பிப் போடுவது எழுத்துகளை அல்ல, குறியெண்களை. கடைசியில் இருந்த இகரக் கொக்கி முதலில் வந்து, தொற்றிக்கொள்ள எழுத்து இல்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின்மேல் தொங்கும். முதல்முறை பார்க்கிற மாணவன் தன் நிரலில்தான் பிழை என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேடுவான். பிழை அவன் நிரலில் இல்லை.

அப்படியானால் எங்கே இருக்கிறது? இதற்கு ராயக்கோட்டைப் பக்கமே பதில் இருக்கிறது.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் வழியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். எல்லை தாண்டினால் கர்நாடகம், கொஞ்சம் கிழக்கே திரும்பினால் ஆந்திரம். மூன்று எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவருக்கு ஒன்று சீக்கிரம் பிடிபடும். கன்னடத்திலும் தெலுங்கிலும் "க" வரிசைக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்றே ஒன்று. மற்றபடி அ, ஆ, இ, ஈ என்று தொடங்கும் ஒழுங்கு எல்லாவற்றுக்கும் பொது. மூன்றுமே பிராமியின் பேரப்பிள்ளைகள்.

இந்த ஒற்றுமையைத்தான் 1980களில் இந்தியக் கணினி அறிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். கான்பூர் ஐஐடியில் தொடங்கிய வேலை அது, பிறகு புனேயில் இருக்கும் சி-டாக் நிறுவனத்தில் 'ஜிஸ்ட்' என்ற பெயரில் வளர்ந்தது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை. எந்த மொழியானாலும் "க" ஒரே இடத்தில், "ம" ஒரே இடத்தில். 1988ல் ஒரு பதிப்பு வந்தது, 1991ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு அதை இஸ்கி என்ற தரமாக அறிவித்தது. இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. ஒரு பெயரைக் கன்னடத்தில் தட்டிவிட்டு எழுத்தை மட்டும் மாற்றினால் தெலுங்கில் தெரியும். ஓசூர் மாதிரி ஊருக்கு இதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது என்று சொல்லலாம்.

அதே 1991ல் யூனிகோடின் முதல் பதிப்பும் வந்தது. உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் போட முயன்றவர்கள், இந்திய எழுத்துகளுக்கு 1988ன் இஸ்கி வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அதன் தடயத்தைக் கண்ணால் பார்க்கலாம். தமிழ் "க"வின் குறியெண் 2965. தெலுங்கு "க" 3093. கன்னட "க" 3221. ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக 128. கன்னடத்தில் எழுதிய ஊர்ப்பெயரின் ஒவ்வொரு குறியெண்ணிலிருந்தும் 256 கழித்தால், தமிழில் இருக்கிற எழுத்துகளாக இருந்தால், தமிழில் வந்துவிடும். கழித்தல் கணக்கில் எழுத்துப்பெயர்ப்பு!

ஆனால் தமிழுக்கு விலை கொஞ்சம் அதிகம். "க" 2965 என்றால் அடுத்த "ங" 2969. நடுவில் மூன்று நாற்காலி காலி, கன்னடத்தின் மற்ற மூன்று ககரங்களுக்காக. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடத்தில் இன்றும் 72தான் நிரம்பியிருக்கிறது. இடம் காலியாக இருப்பதுகூடப் பெரிதில்லை. தமிழின் சிறப்பான ழ, ற, ன ஆகியவை எங்கே உட்கார்ந்தன என்பதில்தான் சிக்கல். தேவநாகரிக்கு என்று போட்ட அட்டவணையில் "ந"வுக்கு அடுத்து ஒரு இடுக்கில் "ன", "ர"வுக்கு அடுத்து "ற" என்று செருகினார்கள். தமிழ் நெடுங்கணக்கில் கடைசியில் வருவது "ன". யூனிகோடில் அது "ந"வுக்கும் "ப"வுக்கும் நடுவே!

இதன் விளைவைப் பார்க்க ஆறு சொல் போதும். பல், பவளம், பழம், பள்ளம், பறவை, பனி. அகராதியில் இந்த வரிசையில்தான் வரும். குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரலிடம் கொடுத்தால் பனி, பறவை, பல், பள்ளம், பழம், பவளம் என்று வரும். கடைசியில் இருக்கவேண்டிய பனி முதலில், இரண்டாவதாக இருக்கவேண்டிய பவளம் கடைசியில். புள்ளியின் குறியெண்ணும் இப்படித்தான், உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. ககர வரிசையில் முதலில் நிற்கவேண்டிய "க்" கடைசியில் போய் நிற்கிறது.

யூனிகோடு தரப்பில் இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குறியெண் என்பது அடையாள எண்தான், வரிசைப்படுத்துவது வேறு வேலை, அதற்குத் தனி விதிகளை அவர்களே வெளியிடுகிறார்கள். ஆங்கிலத்திலேயே பெரிய எழுத்து வரிசையின் கடைசி எழுத்துக்கு எண் 90, சின்ன எழுத்து வரிசையின் முதல் எழுத்துக்கு 97. அங்கேயும் குறியெண்ணை நம்பினால் அகராதி கெட்டுவிடும். நியாயமான பதில். ஆனால் மொழியோடு சும்மா கிடைக்கும் வரிசைப்படுத்தும் கட்டளையைத்தான் 100க்கு 99 பேர் பயன்படுத்துவார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

இந்த அட்டவணை போட்ட காலத்தில் தமிழர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சும்மா இருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985லேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்தார், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்னாக்கினார். ஆனால் அப்போது கவலை முழுக்கத் திரையில் தமிழ் தெரியவேண்டும் என்பதுதான். 256 இடம் கொண்ட சின்ன எழுத்துருவில் தமிழை எப்படி அடைப்பது என்பதற்கு ஆளுக்கொரு வழி இருந்தது. ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க ஒரு எழுத்துரு, இன்னொன்றுக்கு இன்னொரு எழுத்துரு. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பூச்சி பறக்கும்.

இதை ஒழுங்குபடுத்த அயலகத் தமிழர்கள் மின்மடல்களிலேயே பேசிப் பேசி உருவாக்கியது திஸ்கி என்ற குறியேற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டையும், தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஆக ஒழுங்குபடுத்தப் போய் தரங்களே மூன்றாகின!

கருவி செய்கிறவர்கள் முதன்முதலில் முக்கியமானது இந்த இடத்தில்தான். யூனிகோடு பரவத் தொடங்கியபோது பழைய குறியேற்றங்களில் மலை மலையாக எழுத்து கிடந்தது. அதை மாற்றித்தர மாற்றிகள் வேண்டும். ஒரு எண்ணுக்குப் பதில் இன்னொரு எண் போட்டால் முடிந்துவிடும் வேலை அல்ல அது. திஸ்கியில் "கெ" என்று எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம், கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் முதலில் ககரம், பிறகு கொம்பு, நாக்கு சொல்கிற வரிசை. "கொ" என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இரண்டையும் பிடித்து ஒன்றாக்கி ககரத்துக்குப் பின்னால் வைக்கவேண்டும். புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றியை 2000களில் இணையத்தில் தமிழ் எழுதிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தட்டச்சுக்கு முகுந்தராஜும் நண்பர்களும் தந்த எ-கலப்பை. அதன் அடியில் இருந்த கீமேன் என்ற பொறி, ஆஸ்திரேலியரான மார்க் டர்டின் 1993ல் லாவோ மொழிக்காக எழுதத் தொடங்கியது. லாவோவுக்குப் பிறந்த கருவி தமிழுக்குக் கலப்பையானது.

2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. கூடவே டேஸ்16 என்ற மாற்றுக் குறியேற்றத்தையும் ஏற்றது. உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண், நெடுங்கணக்கு வரிசையில். எண்ணினால் சரி, வரிசைப்படுத்தினால் சரி, "க்"கோடு உயிரைக் கூட்டினால் உயிர்மெய். தக்காளி நான்கு எழுத்தாகவே இருந்திருக்கும். ஆனால் யூனிகோடு ஒருமுறை கொடுத்த எண்ணை நகர்த்துவதுமில்லை, நீக்குவதுமில்லை என்று விதி வைத்திருக்கிறது. அந்த விதி இல்லாவிட்டால் உலகத்தில் யாருடைய கோப்பும் நாளை திறக்காது. ஆக டேஸ்16 யூனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியிலேயே தங்கிவிட்டது. நியாயமான கோரிக்கைதான், 20 வருடம் தாமதமாக வந்த கோரிக்கை.

அட்டவணை மாறாது என்று ஆனபிறகு மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். அட்டவணைக்கும் தமிழுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கவேண்டும். அந்த ஆள் நிரலாளர்.

தமிழில் சொல் விளையாட்டு செய்ய நினைத்தவர், அகராதி செய்தவர், பிழைதிருத்தி செய்தவர் எல்லோரும் முதல் வேலையாக எழுத்தைப் பிரிக்கும் நிரலைத் தாங்களே எழுதவேண்டியிருந்தது. ஒருவர் ஒளகாரத்தை மறப்பார், ஒருவர் ஆய்தத்தை மறப்பார். "கொ"வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒகரக் குறி ஒன்றாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் ஒன்று கிடைக்கும் மற்றது கிடைக்காது. ஊரில் எல்லா வீட்டிலும் தனித்தனியாகக் கிணறு தோண்டி எல்லாக் கிணற்றிலும் பாதித் தண்ணீர் வந்த கதைதான்.

பொதுக்கிணறு வந்தது வேறு ஒரு கனவின் பக்கவிளைவாக.

அமெரிக்காவில் வசித்த மின்பொறியாளர் முத்தையா அண்ணாமலை 2007வாக்கில் தமிழிலேயே எழுதக்கூடிய நிரல்மொழி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பெயர் எழில். 2009ல் அதைப் பற்றிய கட்டுரையை ஆர்க்சைவ் தளத்தில் இட்டார், 2013ல் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார். அதைக் கற்றுக்கொடுக்க எழுத்தாளர் என். சொக்கனோடு சேர்ந்து "தமிழில் நிரல் எழுது" என்ற நூலும் எழுதினார். எழிலில் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

@( வயது >= 18 ) ஆனால்
    பதிப்பி "ஓட்டு உண்டு"
இல்லை
    பதிப்பி "இன்னும் பொறு"
முடி

இதில் கவனிக்க வேண்டியது சொற்கள் மட்டுமல்ல, வரிசை. ஆங்கில நிரல்மொழிகளில் "இருந்தால்" என்ற கட்டளை முதலில், நிபந்தனை பிறகு. எழிலில் நிபந்தனை முதலில், "ஆனால்" பிறகு. வயது 18 ஆனால். தமிழ் அப்படித்தான் பேசும், வினை கடைசியில் வரும். சுற்றிச்சுற்றிச் செய்ய "வரை", அதுவும் நிபந்தனைக்குப் பின்னால்தான். ஆங்கிலக் கட்டளைக்கு அகராதியைப் பார்த்துத் தமிழ்ச்சொல் ஒட்டுவது எளிது, இலக்கணத்தைத் திருப்பி வைக்க யோசிக்கவேண்டும். (வாக்கியத்தின் தொடக்கத்தில் "ஆனால்" என்றால் வேறு பொருள் வந்துவிடும் என்பது இன்னொரு சுவாரசியம். இடம் மாறியதால்தான் சொல்லே சரியாகிறது.)

எழில் பெரிய தொழில்மொழி ஆகவில்லை. அதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு நிரலாக்கத்தின் தர்க்கத்தை ஆங்கிலப் பயம் இல்லாமல் காட்டுவதுதான் நோக்கம். வேலைச் சந்தையில் ஆங்கிலக் கட்டளைதான் செல்லும், அதனால் எழில் வீண் என்று வாதாடுவோர் உண்டு. மூன்று சக்கர வண்டியில் நெடுஞ்சாலை போகமுடியாது என்று குழந்தையிடம் சொல்வது மாதிரி இருக்கிறது அந்த வாதம்.

எப்படியிருந்தாலும், தமிழில் எழுதிய நிரலைக் கணினி படிக்கவேண்டுமென்றால் முதலில் தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கத் தெரியவேண்டும். எழிலுக்காக அப்படி எழுதிய துணை நிரல்கள் எழிலைவிட அதிகம் பேருக்குப் பயன்படும் என்று தெரிந்தது. அவை ஓப்பன்-தமிழ் என்ற பெயரில் தனி பைத்தான் லைப்ரரியாகப் பிரிந்தன. கணியம் மின்னிதழை 2012 ஜனவரியில் தொடங்கிய த. சீனிவாசன் உட்படப் பலர் கை கொடுத்தார்கள். உரிமத்தில் ஒரு நுட்பம் உண்டு. எழிலுக்கு ஜிபிஎல் உரிமம், அதை எடுத்து மாற்றி வெளியிடுகிறவர் தன் மூலநிரலையும் திறந்து வைக்கவேண்டும். ஓப்பன்-தமிழுக்கு எம்ஐடி உரிமம், யார் வேண்டுமானாலும் எடுத்து எதில் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், நிறுவனங்கள் உட்பட. எல்லோரும் பயன்படுத்தவேண்டிய அடிக்கட்டுமானத்துக்கு அதுதான் பொருத்தம்.

அதில் இருக்கும் முக்கியமான செயற்கூறு, சொல்லைக் கொடுத்தால் எழுத்துப் பட்டியலைக் கொடுக்கும். உள்ளே நடப்பது இவ்வளவுதான். குறியெண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போ. வந்தது உயிரோ அகரமேறிய மெய்யோ என்றால் புது எழுத்து தொடங்கு. கால், கொம்பு, கொக்கி, புள்ளி வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு. த, க, (புள்ளியை ஒட்டு) க், க, (காலை ஒட்டு) கா, ள, (கொக்கியை ஒட்டு) ளி. நான்கு. படித்தால் "இதுக்குத்தானா இவ்வளவு பாடு" என்று தோன்றும். ஆனால் இதை ஒருமுறை சரியாக எழுதி, சோதனைகள் எழுதி, பெயர் வைத்து, ஒரே கட்டளையில் யாரும் நிறுவிக்கொள்ளும்படி வைப்பது வேறு வேலை. விகடகவிக்கு விடிவு வந்தது அப்போதுதான். எழுத்துகளாகப் பிரித்து, பட்டியலைத் திருப்பி, ஒப்பிட்டால் "ஆம்".

மற்ற செயற்கூறுகளில் தமிழ் இலக்கண வகுப்பே இருக்கிறது. "கி"யைக் கொடுத்தால் "க்" என்றும் "இ" என்றும் பிரிக்கும், இரண்டையும் கொடுத்தால் சேர்க்கும். இது இல்லாமல் புணர்ச்சி விதி எதையும் நிரலாக எழுதமுடியாது. இரண்டு சொல்லை நெடுங்கணக்கு வரிசையில் ஒப்பிட ஒன்று. பழைய குறியேற்றங்களை யூனிகோடுக்கு மாற்ற ஒரு தொகுதி. எண்ணைச் சொல்லாக மாற்ற இரண்டு செயற்கூறு! ஒன்று இலட்சம், கோடி என்று சொல்லும், மற்றொன்று மில்லியன், பில்லியன் என்று சொல்லும். தமிழர்கள் பல நாட்டில் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து யாரோ செய்த வேலை.

உலகத்தில் தமிழுக்கு மட்டும்தான் இந்தப் பாடா என்றால் இல்லை. ஓப்பன் ஆபீஸில் முதலில் இருந்த எழுத்துப்பிழைத்திருத்தி ஆங்கிலம் மாதிரி மொழிகளுக்குச் சரியாக இருந்தது. ஒரு சொல்லின்மேல் விகுதி மேல் விகுதியாக ஏறும் ஹங்கேரிய மொழிக்குப் போதவில்லை. ஹங்கேரியரான லாஸ்லோ நேமெத் அதை விரித்து எழுதினார். அதுதான் ஹன்ஸ்பெல், இன்று ஃபயர்பாக்ஸ் உட்பட எத்தனையோ மென்பொருளின் வயிற்றில் இருக்கிறது. "ராயக்கோட்டையிலிருந்துதான்" என்று ஒரே சொல்லில் எழுதுகிற தமிழர்களுக்கு ஹங்கேரியர்களின் கஷ்டம் நன்றாகவே புரியும். கேரளத்தில் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் தங்கள் மொழிக்கு எழுத்துரு முதல் நிரல்கள் வரை இதேபோல் செய்துகொண்டார்கள். 2014ல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி, ஓர் எழுத்து என்றால் மனிதர் ஒன்றாகப் பார்க்கும் துண்டு என்று வைத்துக்கொண்டது. ஸ்விஃப்டிடம் தக்காளியைக் கொடுத்தால் தானாகவே 4 என்று சொல்லும்.

பைத்தான் அப்படி மாறவில்லை. இன்னும் வேடிக்கை, பைத்தான் 3ல் "தக்காளி" என்பதை ஒரு மாறியின் பெயராகவே வைக்கலாம், புள்ளி கொக்கி எல்லாவற்றோடும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதே பைத்தானின் தேடல் தொகுதியிடம் "இந்த வரியில் இருக்கும் சொற்களைப் பிரித்துக்கொடு" என்று வழக்கமான குறி போட்டுக் கேட்டால் தக, க, ள என்று மூன்று துண்டாக நறுக்கிக் கொடுக்கும். காலும் கொக்கியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. ரோமன் அல்லாத எழுத்துகளுக்கு இது உதவவில்லை என்ற புகார் 2007லேயே பைத்தானின் பிழைப்பட்டியலில் பதிவாகிவிட்டது. தமிழ்ச் சொற்களை எண்ணி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதைத் தெரியாமல் விட்டால், அவர்கள் எண்ணியது தமிழே அல்ல.

இவற்றைச் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு இது பிழைப்பு அல்ல. பகலில் வேறு வேலை, ராத்திரியிலும் சனி ஞாயிறிலும் இது. அதனால் ஒரு ஆபத்தும் உண்டு. பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1ல் முடிந்தது. அதற்குள் இரண்டு பதிப்பிலும் ஓடும்படி நிரலை எழுதி, பிறகு பழையதைக் கழற்றி, இப்படி வெளியில் தெரியாத பராமரிப்பு வேலையே மலைபோல இருக்கும். புதுச் செயலி செய்தால் நான்கு பேர் கை தட்டுவார்கள். பழைய லைப்ரரி உடையாமல் ஓடினால் யாருக்கும் தெரியாது, உடைந்தால்தான் தெரியும். மாற்றிகளின் கதையும் அதுதான்: 2000களில் ஆளுக்கொன்று இருந்தது, செய்தவருக்கு நேரம் இல்லாமல் போனதும் தளமும் போயிற்று. மூலநிரலைத் திறந்து வைத்தவர்களின் வேலையை மட்டும் அடுத்தவர் எடுத்துத் தொடர முடிந்தது. ஓப்பன்-தமிழின் மாற்றித் தொகுதிக்குள் அந்தப் பழைய உழைப்பின் அட்டவணைகள் உயிரோடு இருக்கின்றன.

2019-20 கல்வியாண்டிலிருந்து தமிழகத்தில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் வந்துவிட்டது, தமிழ்வழி மாணவர்களுக்கும்தான். அரசுப் பள்ளியில் அதைப் படிக்கும் பிள்ளை என்றாவது ஒருநாள் தன் பெயரைத் தமிழில் கொடுத்து நீளம் கேட்டுப் பார்க்கும். வருகிற எண் தப்பாக இருக்கும். அங்கே ஆசிரியர் "தமிழ் அப்படித்தான், ஆங்கிலத்தில் கொடு" என்று சொல்லலாம். அல்லது பட்டியலில் இருக்கும் அந்த லைப்ரரியை ஒரு வரியில் நிறுவிக் காட்டலாம். இரண்டாவதற்கு அரை நிமிடம் ஆகும்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஓசூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர் ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன். அந்த "ஸ்ரீ"யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். "ஸ"வை வைத்து எழுதுவது ஒன்று. 2005ல் 4.1ஆம் பதிப்பில் சேர்ந்த "ஶ" என்ற எழுத்தை வைத்து எழுதுவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். "கொ"வின் இரண்டு வடிவத்தை ஒன்றாக்க யூனிகோடிலேயே விதி இருக்கிறது, இதற்கு இல்லை. ஒரு கைபேசியில் சேமித்த ஸ்ரீதரை இன்னொரு விசைப்பலகையில் தேடினால் கிடைக்காமல் போகலாம். எண்ணினால் ஸ்விஃப்ட்கூட அந்த ஒற்றை எழுத்தை "ஸ்", "ரீ" என்று இரண்டாகத்தான் சொல்லும்.